கித்தா என்றால் யார்?

ஐஸ் கம்பெனி முற்றத்தில், ஈர மரத்தூளின் மேல், நாற்பது ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே ஆபீஸ் படியில் மானேஜர். மானேஜருக்குப் பக்கத்தில் நான். எனக்கு அப்போது இருபது வயது. புதுச் செருப்பு காலைக் கடித்துக்கொண்டிருந்தது. கையில் ஒரு பென்சில் வேறு. எழுத ஒன்றுமே இல்லாதபோது அதை எதற்குப் பிடித்திருந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மானேஜர் மலாயில் பேசுவதை நான் தமிழில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவர் ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் தமிழாக்கினேன். கால் மணி நேரத்தில் முற்றம் காலி.

நான் டைப் அடிக்கக் கற்றுக்கொண்ட கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்துவிட்டு, செமாபோக்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "நீங்கள் வேலையில் செய்த பெரிய தப்பு எது?" அம்மா தாயே, என்னைப் பார்த்தால் தப்புச் செய்கிறவள் மாதிரியா இருக்கிறது? சரி, கேட்டுவிட்டீர்கள். இதுதான் அது.

உப்புத் தண்ணீரும் சங்கும்

எங்கள் வீடு மலாக்காவில், காஜா பெராங்கில். மலாயில் காஜா என்றால் யானை, பெராங் என்றால் சினம். கோபக்கார யானைத் தெருவில் பிறந்ததால்தான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்பார் அப்பா.

கம்பெனிக்கு நடந்தே போய்விடலாம். உள்ளே நுழைந்ததும் அமோனியா நெடி மூக்கில் ஏறும். புதிதாக வருகிறவர்கள் இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டே வருவார்கள். ஒரு மாதத்தில் பழகிவிடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் காற்றில் ஏதோ குறைகிற மாதிரி தோன்றும்.

ஐஸ் செய்வதைப் பெரிய மந்திர வித்தை என்று நினைத்திருந்தேன். தரைக்கு அடியில் ஓர் உப்புத் தண்ணீர்த் தொட்டி. நீளமான தகரப் பெட்டிகளில் நல்ல தண்ணீர் ஊற்றி அதற்குள் இறக்கிவிடுவார்கள். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தால் இரண்டு நாளில் தண்ணீர் பாறையாகிவிடும். நடுவில் நின்றால் வெளியே கட்டி, உள்ளே தண்ணீர். மீன்காரர்கள் வாசலில் வந்து நம் பரம்பரையையே இழுப்பார்கள். அதனால் அந்த இயந்திரம் தீபாவளிக்கும் நின்றதில்லை, சீனப் பெருநாளுக்கும் நின்றதில்லை.

ஒரு நாளைக்கு மூன்று முறை கம்பெனியின் சங்கு ஊதும். காஜா பெராங்கில் உலை வைப்பதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டுவதும் அந்தச் சத்தத்தை வைத்துத்தான்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதமே நான் ஊருக்கு "ஐஸ்கம்பெனி சரோஜா" ஆகிவிட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. மின்விசிறிக்குக் கீழே நாற்காலி, மேசையில் டைப் மெஷின், எதிரே பெரிய கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் தோளில் கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு ஐஸ் கட்டி தூக்குவார்கள். இந்தப் பக்கம் நான். அந்தக் கண்ணாடி என்னை என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அப்பாவின் வளைவு

வேலை செய்யும் இடம் மனிதனுக்குள் குடியேறிவிடுவதை நான் முதலில் பார்த்தது அப்பாவிடம்தான்.

அப்பா ரோட்டு வேலையில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது பேரை மேய்த்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் பஸ்ஸில் போகும்போது குழியில் சக்கரம் இறங்கினால் முகம் சுண்டிவிடும். "நம்ம ரோட்ட எப்படிப் போட்டு வச்சிருக்கானுங்க பாரு" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்வார். யாரோ அவர் வேட்டியைக் கிழித்துவிட்ட மாதிரி அவமானம்.

செங் பக்கம் போகிற பாதையில் அவர் நின்று போட வைத்த வளைவு ஒன்று உண்டு. அது வரும்போது பேச்சை நிறுத்திவிடுவார். நாங்களும் நிறுத்த வேண்டும். வளைவு தாண்டியதும், விட்ட இடத்திலிருந்து பேசலாம். நானும் என் தம்பிகளும் இதை வைத்து அவரைக் கேலி செய்யாத நாளில்லை.

சாமிக்கு மட்டும் தெரிந்த தமிழ்

மானேஜர் பெயர் மாணிக்கம் நாயக்கர். மலாக்கா செட்டி. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கடல் கடந்து வந்து, இங்கேயே பெண் கட்டி, இங்கேயே ஊறிப்போன குடும்பம். நெற்றியில் திருநீறு, வீட்டில் சாரோங், வாயில் மலாய். "எங்க வீட்டுல சாமிக்கு மட்டுந்தான் தமிழ் தெரியும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதையும் மலாயில்தான் சொல்வார். இந்தக் கட்டுரையில் அவர் பேசுவதையெல்லாம் நான் தமிழில் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருபத்தைந்து வருஷம் அந்தக் கம்பெனியில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். ஐம்பத்தேழில் இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்றதும் வெள்ளைக்காரத் துரை பெட்டியைக் கட்டினார். சிங்கப்பூரில் இருந்த முதலாளிகள், ஆறு மாதம் பார்க்கலாம் என்று சொல்லி நாயக்கரை மானேஜராக்கினார்கள். இயந்திரம் ஒரு நாள் நின்றாலும் இங்கிருந்து இன்னொரு துரையை அனுப்ப வேண்டிவரும் என்று கடிதத்தில் நாசூக்காக எழுதியிருந்தார்கள். அதை ஃபைலில் வைத்தது நான்.

துரையின் நாற்காலியில் அவர் ஒரு மாதம் உட்காரவே இல்லை. தன் பழைய முக்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆட்களும் அவரை மானேஜர் என்று கூப்பிடவில்லை, கிராணியார்தான். ஐஸ் கட்டி வெள்ளையாக வந்தால் நாயக்கரின் முகம் வாடும். கண்ணாடியாக வந்தால் அதைக் கன்றுக்குட்டியைத் தட்டுவது போலத் தட்டிக்கொடுத்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். இப்படியும் ஒரு மனிதர் என்று எனக்குச் சிரிப்பு வரும்.

ரப்பர் அல்ல

ஆட்களுக்குத் தலைவர் முனியாண்டி அண்ணன். தகரப் பெட்டிகளைச் சங்கிலி போட்டுத் தூக்குவதும், சங்கு ஊதுவதும் அவர் வேலை. நாற்பது வயது இருக்கும். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து மலாக்கா டவுனுக்கு வந்தவர். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவர் விரல் நுனிகள் வெளுத்திருக்கும்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சுதந்திர தினத்தன்று இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். நாற்பது பேரும் திடலுக்குப் போய்க் கொடியேற்றத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் ஒரு பயமும் இருந்தது. அந்த மாதங்களில் தமிழர் வீடுகளில் ஒரே பேச்சு. யாருக்குப் பிரஜாவுரிமை கிடைக்கும், யாரைக் கப்பலேற்றுவார்கள். முனியாண்டி அண்ணன் இந்த மண்ணில் பிறந்தவர். ஆனால் அதைக் காட்ட அவரிடம் ஒரு காகிதம் கிடையாது. திடலில் போய் நின்றுவிட்டால் நாமும் இந்த ஊர்க்காரன் என்று ஆகிவிடும் என்பது அவர் எண்ணம்.

நாயக்கருக்கு வேறு எண்ணம். அன்று ஊரே வெயிலில் திடலில் நிற்கும். அத்தனை பேருக்கும் சர்பத்துக்கு ஐஸ் யார் கொடுப்பது? இயந்திரத்தை நிறுத்த முடியாது என்று முற்றத்தில் நின்று சொன்னார். சொல்லிவிட்டு நெஞ்சில் கை வைத்து, முகம் மலர, இரண்டே வரி சேர்த்தார்.

"கித்தா புன்யா ஐஸ். கித்தா புன்யா ஹாரி."

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். நம் ஊர்த் தமிழில் கித்தா என்றால் ரப்பர். கித்தா மரம், கித்தா காடு என்கிறோமே, அது. மலாய்க் கித்தா வேறு. அதற்கு "நாம்" என்று பொருள். புன்யா என்றால் உடைய, ஹாரி என்றால் நாள். பள்ளிக்கூட மலாயில் "நாங்கள்" என்பதற்குக் "காமி" என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. நாயக்கர் வீட்டுப் பேச்சில் அதை யாரும் சீண்டுவதில்லை. அவர்களுக்கு நாமும் கித்தாதான், நாங்களும் கித்தாதான். ரப்பர் மாதிரியே இதுவும் இழுத்த இழுப்புக்கு நீளும்.

தமிழ் அப்படி விடாது. நாம் என்றால் நீயும் உண்டு. நாங்கள் என்றால் நீ கிடையாது. இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

நான் சொன்னேன்: "எங்க ஐஸு. எங்க நாளு."

ஆட்களுக்கு மலாய் தெரியாதா என்று கேட்பீர்கள். பாசாரில் மீன் வாங்குகிற அளவுக்குத் தெரியும். முக்கியமான விஷயத்தைத் தமிழில் கேட்டால்தான் அவர்களுக்கு நம்பிக்கை. என் வாயிலிருந்து வந்ததுதான் அன்று மானேஜரின் பேச்சு.

முனியாண்டி அண்ணன் தோளிலிருந்த சாக்கை எடுத்து மெதுவாகக் கீழே போட்டார்.

"ஒங்க நாளா? சரிங்க. அப்ப நீங்களே கொண்டாடிக்குங்க. ஒங்க ஐஸையும் நீங்களே தூக்கிக்குங்க."

ஒருவர் பின் ஒருவராகச் சாக்குகள் விழுந்தன. நாற்பது பேரும் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள். நாயக்கர் படியில் அப்படியே நின்றார்.

"ஏன் போறாங்க? நான் நல்லதுதானே சொன்னேன்?"

"அவங்க அப்படித்தான் சார். பிடிவாதம்" என்றேன். இதை எழுதும்போது என் காது சுடுகிறது.

நம்ம சங்கு

மறுநாள் காலை. அப்பா பின்கட்டில் கண்ணாடியை ஆணியில் மாட்டிக்கொண்டு சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு. கத்தியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார்.

"என்னாம்மா, நம்ம சங்கு இன்னும் ஊதல?"

கையிலிருந்த காப்பி மங்கைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன்.

அப்பா அந்தக் கம்பெனியின் வாசலை ஒரு நாளும் மிதித்ததில்லை. அவருக்கு அங்கிருந்து ஒரு ஐஸ் துண்டுகூட வந்ததில்லை. வேலிக்கு வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டவர், அதை நம்ம சங்கு என்கிறார். அந்தச் சங்கை ஊதுகிறவரைப் பார்த்து நான் எங்க ஐஸ் என்றேன். விரல் வெளுத்த நாற்பது பேரைப் பார்த்து, எங்க நாள் என்றேன். அதுவும் எந்த நாளை! இந்த நாடு உங்களுடையது இல்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தவர்களிடம், சொல்லிவிட்டது நான்.

நாக்கு தவறிவிட்டது என்று என்னையே ஏமாற்றிப் பார்த்தேன். முடியவில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மூன்று மாதமாக அந்த நாக்கு இதற்குத்தான் பழகிக்கொண்டிருந்தது. நாயக்கரின் கித்தாவுக்குள் எல்லோரும் இருந்தார்கள். என் மனசுக்குள் நானும் மின்விசிறியும்தான் இருந்தோம்.

பசியாறாமல் ஓடினேன்.

நாயக்கர் பனியனும் மடித்துக் கட்டிய சாரோங்குமாகச் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தார். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் சீனரும் அவரும் மட்டுமாக முதல் நாள் மத்தியானத்திலிருந்து சமாளித்திருக்கிறார்கள். அவர் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம்.

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

"தமிழ்ல ரெண்டா இருக்கு? ஒரு கித்தாவுக்கு எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு கதவத் தொறந்து வச்சிட்டுச் சொல்றது சார். இன்னொண்ணு சாத்திட்டுச் சொல்றது."

"நீ எதச் சொன்ன?"

"சாத்திட்டேன் சார்."

என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தகரப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இருபத்தஞ்சு வருஷம் இவங்களோட இருக்கேன். நான் அப்படிச் சொல்லுவேன்னு நம்பிட்டாங்களா?"

அதுதான் அவருக்கு வலித்தது. நாற்காலி போய்விடுமே என்றுகூட அவர் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அமோனியா என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தொறந்த கதவை எழுதிக் குடு" என்றார். பென்சிலுக்கு வேலை வந்தது. அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ரூமியில், அதாவது மலாய்க்கு எழுதும் ஆங்கில எழுத்தில், "நாம" என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணருகே வைத்துப் படித்தார்.

"நாமா? இது பேராச்சே. யாரு பேரு?"

மலாயில் நாமா என்றால் பெயர். அது எனக்கு உறைக்கவே இல்லை.

"பேரு இல்ல சார். கித்தா."

"பேரும் கித்தாவும் தமிழ்ல ஒண்ணா?"

அவருக்கு விளங்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் காகிதத்தை மடித்துப் பனியனுக்குள் சொருகிக்கொண்டு, "நீயும் வா" என்றார்.

திருத்தியவர்

கம்பெனிக்குப் பின்னால் ஆட்களின் வீடுகள். வேப்ப மரத்தடியில் கூடியிருந்தார்கள். சாரோங்கோடு வந்து நின்ற மானேஜரைப் பார்த்து எழுந்திருப்பதா வேண்டாமா என்று பாதிப் பேர் பாதி எழுந்தார்கள்.

நான் முன்னால் போனேன்.

"நேத்துக் கிராணியார் 'நம்ம'ன்னுதான் சொன்னாரு. 'எங்க'ன்னு சொன்னது நான். தப்பு என்னோடது. அவர் மேல கோவப்படாதீங்க."

முனியாண்டி அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ எங்க நின்னுகிட்டுச் சொன்ன தங்கச்சி?"

"ஜன்னலுக்கு உள்பக்கமா நின்னுட்டேன்ணே."

"இப்ப?"

அப்போது நாயக்கர் என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தார். காகிதத்தைப் பிரித்தார். கொப்புளத்தில் கட்டியிருந்த துணியோடு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது மாதிரி உரக்கப் படித்தார்.

"நாமா ஐஸ். நாமா ஹாரி."

பின்னாலிருந்து ஒருவர், "ஏ, கிராணியார் நமக்கு நாமம் போடுறாருடா!" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. திருநீறு பூசிய மனிதர் நாமம் போடுவதை நினைத்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாயக்கருக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னால் விளங்கும் என்று நினைத்து, "நாமா ஐஸ்!" என்று கத்தினார்.

முனியாண்டி அண்ணனால் பொறுக்க முடியவில்லை.

"அப்படி இல்லீங்க கிராணியாரே. நாமா ஐஸு இல்ல. நம்ம. நம்ம ஐஸு. சொல்லுங்க பாப்போம்."

"நம்மா ஐஸ்."

"நம்ம. இழுக்காதீங்க. நம்ம ஐஸு, நம்ம நாளு."

சொல்லிவிட்டு முனியாண்டி அண்ணன் சட்டென்று நிறுத்திக்கொண்டார். திருத்துகிற அவசரத்தில் தானே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்துவிட்டது. நாயக்கரின் கையில் கட்டியிருந்த துணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சங்கிலிய இப்படியா புடிப்பாங்க?" என்றார். "வாங்க, காட்டுறேன்."

எல்லோரும் வந்துவிடவில்லை. இரண்டு பேர் அதற்குப் பிறகு வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களைத் தெருவில் பார்த்தால் இன்னமும் எனக்குத் தலை குனிந்துவிடும்.

லோரி மேல்

இயந்திரம் நிற்கவில்லை. காலையில் பாதிப் பேர், மத்தியானம் மீதிப் பேர் என்று பேசி முடித்தார்கள். நடந்து போக மாட்டோம், ஐஸ் லோரி மேல்தான் போவோம் என்றார் முனியாண்டி அண்ணன். திடலில் நான் அப்பாவோடு நின்றிருந்தபோது லோரி ஊர்ந்து வந்தது. பின்னால் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. சாக்கு விரித்த கட்டிகள் மேல் பத்தொன்பது பேர், வெளுத்த வேட்டியில். "வழி விடுங்க, நம்ம ஐஸு வருது!" என்று ஒரு குரல். அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். லோரி தாண்டும்வரை நானும் பேசவில்லை.

அன்று திடலுக்கு வராதவர் நாயக்கர் ஒருவர்தான். காலையும் மத்தியானமும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தோடு இருந்துவிட்டார்.

அதற்கெல்லாம் கம்பெனி என்ன செய்தது என்று கேட்காதீர்கள். மறு வருஷமே சிங்கப்பூரிலிருந்து இன்னொரு துரை வந்தார். நாயக்கர் முக்காலிக்குத் திரும்பினார். அப்போதும் ஐஸ் வெள்ளையாக வந்தால் அவர் முகம்தான் வாடியது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கம்பெனி உங்களைப் பார்த்து ஒரு நாளாவது கித்தா சொல்லுச்சா சார்?" என்று கேட்டேவிட்டேன். "கம்பெனிக்கு வாயா இருக்கு?" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையைச் சேர்த்துக்கொண்டார்: "நம்மவுக்குத்தான் இருக்கு."

அந்தத் துரை வருவதற்கு முன்னால் நடந்தது ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

பிரஜாவுரிமைக்கு மனுப்போடும் நாட்கள். முற்றத்தில் மேசை போட்டு, ஆட்களின் மனுக்களை நான் நிரப்பினேன். இவரை இத்தனை வருஷமாக எனக்குத் தெரியும் என்று நாயக்கர் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார். முதல் ஆள் முனியாண்டி அண்ணன். அதற்குள் மகளிடம் ரூமி எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தார். மனுவை என்னிடம் கொடுக்காமல், முதல் வரியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். என், ஏ, எம், ஏ.

கூட்டிவிட்டு நிமிர்ந்தார். கண் பளபளத்தது.

"தங்கச்சி, மொத வரியிலேயே 'நாம'ன்னு போட்டிருக்கான் பாரேன்."

அண்ணே, அது மலாய், அங்கே உங்கள் பெயரை எழுதச் சொல்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். நாயக்கர் பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாண்ணே" என்றேன். "அதுக்குப் பக்கத்துல ஒங்க பேர எழுதுங்க."